கரம்பொன் கிணற்றடியில் நான் நடத்திய அயடீன் வகுப்பு

கதிரியக்க மருந்துகளோடு வேலை செய்யப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும் அதே வேலையிலிருந்து இளைப்பாறிய ஒருவன் எழுதுவது. என்னை நீங்கள் அறிந்திருக்க நியாயமில்லை. தெற்கே ஒரு பெரிய வைத்தியசாலையின் அணு மருத்துவப் பகுதியில் தொழில்நுட்பவியலாளனாக வேலை செய்து, மயிரும் நரைத்து, கண்ணாடியும் தடித்து, இப்போது சொந்த ஊரான கரம்பொனில் வந்து இருக்கிறேன். ஊரில் என் பெயர் எக்ஸ்றே அண்ணை. நான் வாழ்நாளில் ஒரு எக்ஸ்றே எடுத்தவன் அல்ல. ஆரம்பத்தில் இதைத் திருத்தப் பார்த்தேன். ஒவ்வொருவராகப் பிடித்து நிறுத்தி, எக்ஸ்றே வேறு, நாங்கள் செய்வது வேறு என்று விளக்கினேன். சனம் என்னைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகத் தொடங்கியது. அதோடு விட்டுவிட்டேன்.

நாம் கையாளும் சரக்கு வித்தியாசமானது என்பது உங்களுக்குத் தெரியும். உள்ளுறுப்புகளைப் படம் பிடிக்க நோயாளிக்கு ஏற்றும் டெக்னீசியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மனிதன் செய்கிற பொருள். ஆறு மணித்தியாலத்தில் பாதியாகிவிடும். காலையில் ஊசியில் எடுத்து வைத்தால், நோயாளி பஸ்ஸைத் தவறவிட்டார், மின்சாரம் போய்விட்டது, டொக்டர் கூட்டத்தில் இருக்கிறார் என்று எந்தச் சாட்டும் அதனிடம் எடுபடாது. அது தன் பாட்டில் குறைந்துகொண்டே போகும். இப்படிப்பட்ட சாமானோடு வருடக்கணக்காகப் பழகியதில் எனக்கு ஒரு அவசரக் குணம் வந்துவிட்டது. கலியாண வீட்டில் தாலி ஏறமுன்னம் பந்தியில் போய் இருந்து, மனைவியிடம் ஏச்சு வாங்கியவன் நான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த டெக்னீசியத்தில் ஒரு சொட்டை நிலத்தில் சிந்திவிட்டேன். ஒருவரும் காணமுன்னம் துடைத்துவிட வேண்டும் என்று பஞ்சையும் சவர்க்காரத்தையும் எடுத்துக்கொண்டு முழங்காலில் இருந்து தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க அது பரவியது. பிறகு என் சப்பாத்தில் ஒட்டி நடைபாதை வரை போனது. எங்கள் பகுதித் தலைவர் வந்து பார்த்தார். பெரிய கோபக்காரர். இன்றோடு வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அவர் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். ஒரு பிளாஸ்டிக் விரிப்பை எடுத்து நிலத்தில் போட்டார். அதன் மேல் ஒரு கதிரையைக் கவிழ்த்து வைத்தார். அறையைப் பூட்டித் திறப்பைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "நாளைக்குப் பின்னேரம் வந்து பாரும், அது தானாப் போயிருக்கும். இப்ப போய்த் தேத்தண்ணி குடியும்" என்றார். சில வேளைகளில் சும்மா இருப்பதுதான் நம் தொழிலில் பெரிய வேலை என்பதை அன்று கற்றுக்கொண்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. கற்கவில்லை. கற்றிருந்தால் இனி நான் சொல்லப்போகும் கூத்து நடந்திருக்காது.

வதனி எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வளவு தள்ளி இருப்பவள். கணவன் கட்டாரில். மூன்று வயதில் ஒரு பெண் பிள்ளை. வதனிக்குக் கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியில் புற்றுநோய் என்று கண்டுபிடித்து, சுரப்பியை வெட்டி எடுத்து, மிச்சம் மீதியை அழிப்பதற்கு அயடீன்-131 கொடுத்திருந்தார்கள். இது எட்டு நாளில் பாதியாகும் சரக்கு. தைரொயிட் எங்கே ஒளித்திருந்தாலும் தேடிப்போய் அங்கே இருந்து அதைச் சுட்டுவிடும். உடம்புக்குத் தேவைப்படாத பங்கு சலம் கழிக்கும்போது அதோடு வெளியே போய்விடும். அதற்காகத்தான் ஆளைச் சில நாட்கள் தனி அறையில் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு விடுவார்கள். வந்த பிறகும் கொஞ்சக் காலத்துக்குச் சின்னப் பிள்ளைகளையும் பிள்ளைத்தாச்சிகளையும் கிட்ட எடுக்கக்கூடாது. நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். வதனி சொன்னபடியெல்லாம் நடக்கிற ஆள். ஊருக்குத் திரும்பமுன்னமே பிள்ளையைக் காரைநகரில் இருந்த மச்சாளிடம் அனுப்பிவிட்டாள்.

பக்கத்து வீட்டு நடராசா அண்ணையின் மருமகள் வேலியடிக்குக் கதைக்க வந்தபோது, "கிட்ட வராதையும், உமக்கு வயித்தில பிள்ளை. எனக்கு அணு மருந்து தந்திருக்கினம்" என்று அவளே சொல்லியிருக்கிறாள். நேர்மையான பேச்சு. அந்த நேர்மைதான் பிறகு அவளுக்கு வினையாகப் போனது.

எங்கள் பக்கத்தில் கிணறுகளுக்குக் குறைவில்லை. குடிக்கக்கூடிய தண்ணீர் ஒன்றிரண்டில்தான். மற்றதெல்லாம் வாயில் வைக்க முடியாத உவர். நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றில் எங்கள் நான்கு வீடுகளுக்குப் பங்கு. வதனியின் சீதன உறுதிப் பத்திரத்திலேயே கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் என்று எழுதியிருக்கிறது. சட்டப்படி அதை ஒருவரும் பறிக்க முடியாது. ஆனால் கிணற்றடியில் நாலு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றால் உறுதியைக் காட்டித் தண்ணீர் அள்ள எந்தப் பெண்ணுக்கு மனம் வரும்?

அன்று பின்னேரமே நடராசா அண்ணை எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார். எழுபது தாண்டிய மனிதர். புகையிலைத் தோட்டம் செய்து காய்ந்த உடம்பு. வீண் சண்டைக்குப் போகிறவர் அல்ல.

"தம்பி, அந்தப் பிள்ளைக்கு அணு குடுத்திருக்காம். அவள் வாளி விட்டால் எங்கட தண்ணிக்க அது இறங்காதோ?"

பயந்துபோன ஒரு மனிதர் என் முன்னால் நிற்கிறார். அதை நான் கவனித்திருக்க வேண்டும். நான் கவனித்ததோ, கடைசியில் இந்த ஊரில் ஒருவர் என் தொழிலைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுவிட்டார் என்பதை. உள்ளுக்குள் பூரித்துப்போனேன்.

"இதைச் சும்மா சொல்லேலாது அண்ணை. நாளைக்குக் காலமை எல்லாரையும் கிணத்தடிக்கு வரச் சொல்லுங்கோ. நான் விளக்கமாச் சொல்லுறன்" என்றேன்.

மறுநாள் வேட்டியை விட்டு நீளக் காற்சட்டை போட்டுக்கொண்டு புறப்பட்டேன். மனைவி வாசலில் மறித்தாள். "இஞ்சாருங்கோ, பயப்பிட ஒண்டுமில்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு வாங்கோ. வகுப்பு எடுக்க வெளிக்கிடாதேங்கோ."

"உமக்கு விஞ்ஞானம் விளங்காது" என்று சொல்லிவிட்டு, குசினிக்குள் போய்ப் பெரிய பனங்கட்டி ஒன்றையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு போனேன்.

கிணற்றடியில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். பங்கில்லாத வீட்டுக்காரரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். நான் துவைகல்லை மேசையாக்கிப் பனங்கட்டியை அதன் மேல் வைத்தேன். "இதுதான் அயடீன் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. எட்டு நாள் போனால் பாதி." வெட்டினேன். "இன்னும் எட்டு நாள் போனால் பாதியில பாதி." வெட்டினேன். சனம் ஆவென்று பார்த்துக்கொண்டு நின்றது. எனக்கு உசார் ஏறிவிட்டது. வெட்டிக்கொண்டே போனேன். பனங்கட்டி தூளாகிக் கத்தி கல்லில் கீறும் நிலை வந்தபோது நடராசா அண்ணை கேட்டார்.

"அப்ப தம்பி, கடைசியா எப்ப முடியும்?"

நல்ல கேள்வி. நீங்கள் பரீட்சைக்குப் படித்ததுதான். நானும் பரீட்சையில் எழுதுவது போலவே விடை சொன்னேன்.

"கணக்குப்படி பார்த்தால் அண்ணை, அது ஒருநாளும் முடியாது."

சனத்தின் முகத்தைப் பார்த்ததும் ஏதோ பிழையாகிவிட்டது என்று விளங்கியது. என்ன பிழை என்று விளங்கவில்லை. நான் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அதைவிட முக்கியமான உண்மையைச் சொல்லாமல் விட்டிருந்தேன். குடித்த அயடீனில் பெரும் பங்கு வைத்தியசாலையிலேயே சலத்தோடு போய்விட்டது. ஊருக்கு வந்தது கொஞ்சம். அந்தக் கொஞ்சமும் அவள் உடம்போடு இருக்கிறதே தவிர, கயிற்றைப் பிடித்து வாளியை இறக்கினால் தண்ணீருக்குள் பாய்ந்து விழுகிற சாமான் அல்ல. இதை இரண்டு வசனத்தில் சொல்லியிருக்கலாம். நான் பனங்கட்டியையும் கெடுத்து, காரியத்தையும் கெடுத்தேன். மிச்சத் தூளை எறும்பு கொண்டுபோனது.

இந்த இடத்திலாவது நிறுத்தியிருக்கலாம் அல்லவா? புத்தியுள்ளவன் நிறுத்தியிருப்பான். எனக்கு அலுமாரிக்குள் இருந்த மீற்றர் நினைவுக்கு வந்தது. நான் இளைப்பாறும்போது, பாவனையில் இல்லாத பழைய கதிர்வீச்சு மீற்றர் ஒன்றைத் திருத்தி, மினுக்கி, ஞாபகப் பரிசாகத் தந்திருந்தார்கள். "வாயால சொன்னால் நம்ப மாட்டியள். கருவி சொன்னால் நம்புவியள்தானே" என்று சொல்லி ஓடிப்போய் எடுத்து வந்தேன். கிணற்றுக் கட்டில் வைத்துப் பொத்தானை அமத்தினேன்.

டிக் என்றது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு டிக். பிறகு இரண்டு டிக் சேர்ந்து வந்தது.

உங்களுக்கு இது சாதாரணம். கல்லிலும் மண்ணிலும் ஆகாயத்திலும் எப்போதும் கொஞ்சம் கதிர்வீச்சு இருக்கும். எந்த மீற்றரும் வாய் மூடிச் சும்மா இருக்காது. கரம்பொன் சனத்துக்கு அது சாதாரணம் அல்ல. முன்னால் நின்ற பெண்கள் இரண்டடி பின்னால் போனார்கள்.

"அப்ப கிணத்துக்க இருக்கு!" என்றார் நடராசா அண்ணை.

"இல்லை அண்ணை, இது எங்கேயும் இருக்கும். இஞ்ச பாருங்கோ, என்னிலயும் கேக்குது." மீற்றரை என் நெஞ்சில் வைத்தேன். டிக். "உங்களிலயும் கேக்கும்." அவருடைய வயிற்றடிக்குக் கொண்டுபோனேன். டிக், டிக்.

"எனக்கும் ஒட்டிட்டுதோ?" என்று கேட்ட மனிதர் என் பதிலுக்கு நிற்கவில்லை. வீட்டுக்குப் போய், உவர்க் கிணற்றில் குளித்து, போட்டிருந்த சட்டையைக் கொளுத்திவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். நான் மீற்றரைக் கமக்கட்டுக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மனைவி என் கையிலிருந்த கத்தியை வாங்கிக் கழுவி வைத்தாள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் காலையில் கிணற்றுக் கப்பியில் கயிறு இல்லை. கயிறும் வாளியும் நடராசா அண்ணையின் வீட்டில் இருந்தன. மற்ற வீட்டார் அங்கே கேட்டு வாங்கி அள்ளிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். வதனி கேட்கப் போகவில்லை. தண்ணீர்ப் பவுசர் லொறி வரும் நாளில் றோட்டோரத்துத் தாங்கியில் ஒரு குடம் பிடித்து வந்து, அதை அளந்து அளந்து குடித்துக்கொண்டு இருந்தாள். நிறையக் குடித்தால்தான் அயடீன் கெதியாக வெளியே போகும். அது போனால்தான் பிள்ளையைக் கூப்பிடலாம். அவளுக்குத் தண்ணீர் தேவைப்பட்டது போல அந்த ஊரில் வேறு ஒருவருக்கும் தேவைப்படவில்லை. அதைத்தான் என் வகுப்பு நிற்பாட்டி வைத்திருந்தது. இதை உணர்ந்தபோது எனக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

நடராசா அண்ணையின் வீட்டுக்குப் போனேன். கையில் மீற்றரும் இல்லை, பனங்கட்டியும் இல்லை. அவர் என்னைக் கண்டதும் கதிரையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அண்ணை, நான் ஒண்டும் விளங்கப்படுத்த வரேல்லை. நீங்கள் என்னத்துக்குப் பயப்பிடுறியள் எண்டு கேட்க வந்தனான்."

அவர் குசினிப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மருமகளுக்கு முதல் இரண்டும் தங்கேல்லை, தம்பி. இதாவது தங்கவேணும். எனக்கு வதனியில கோவமில்லை. அவள் நல்ல பிள்ளை. ஆனா இனியும் ஒண்டு போச்செண்டால் என்ர மோன் உடைஞ்சுபோவான்."

அந்த மனிதர் முதல் நாள் என் படலையைத் திறந்து வந்தது இதைக் கேட்கத்தான். நான் அவருக்குப் பாதியின் பாதியைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன்.

"உங்கட மருமகளுக்கும் பிள்ளைக்கும் இந்தக் கிணத்தால ஒண்டும் வராது. நான் அதைத்தான் முதலே சொல்லியிருக்க வேணும். பிழை என்னில. மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன்.

அவர் கதிரையைத் திரும்பவும் முன்னால் இழுத்துக்கொண்டார். "கயிறு தாறன். ஆனா அவள் இப்ப கிணத்தடிக்கு வரவேண்டாம். நீர் அள்ளிக் குடும்."

விஞ்ஞானப்படி அந்த நிபந்தனைக்கு ஒரு தேவையும் இல்லை. ஆனால் அதைச் சொல்ல வாயைத் திறந்திருந்தால் கயிறும் போயிருக்கும். "ஓம் அண்ணை" என்றேன். என் தொழில் வாழ்க்கையில் சொன்ன ஆகத் திறமான இரண்டு சொல் அவைதான் என்று நினைக்கிறேன்.

அன்றிலிருந்து காலையும் மாலையும் நான் வதனிக்குத் தண்ணீர் சுமந்தேன். ஈயக் கவசத்துக்குப் பின்னால் நின்று நீளக் கிடுக்கியால் மருந்துக் குப்பி தூக்கிய பெரியவர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு வாளியோடு ஒழுங்கை வழியே தள்ளாடிப் போவதைப் பார்த்து ஊர் நன்றாகச் சிரித்தது. சிரிக்கிற சனம் பயப்படுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துவிடும். அதையும் நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஒரு கிழமை போக இடுப்பில் நாரி பிடித்துக்கொண்டது. மனைவி எண்ணெய் பூசிக்கொண்டு இருந்த நேரம், நடராசா அண்ணை எங்கள் படலையைத் தாண்டி இரண்டு வாளியோடு போவதைக் கண்டோம். வதனி வீட்டுப் படலையில் வைத்துவிட்டு, "பிள்ளை, தண்ணி!" என்று ஒரு சத்தம் போட்டார். போகாமல் நின்று, "சுகமே?" என்றும் கேட்டார். உள்ளே இருந்து அவள் என்ன சொன்னாள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. அடுத்த நாள் கயிறு கப்பியில் தொங்கியது.

சில கிழமைகளுக்குப் பிறகு வதனி வைத்தியசாலைக்குப் போய்ப் பரிசோதனை செய்துவிட்டு வந்தாள். எல்லாம் நல்லபடியாக இருக்கிறது, இனிப் பிள்ளையைத் தாராளமாகத் தூக்கலாம் என்று டொக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். மச்சாள் பிள்ளையைக் காரைநகரிலிருந்து வள்ளத்தில் கொண்டுவருவதாக ஏற்பாடு. துணைக்கு வரச் சொல்லி வதனி கேட்டாள். நானும் மனைவியும் அவளோடு ஊர்காவற்றுறை இறங்குதுறைக்குப் போனோம்.

வள்ளம் வந்து நின்றது. மச்சாள் பிள்ளையை இறக்கிவிட்டாள். அது தாயைக் கண்டு, கையில் இருந்த பிஸ்கட்டையும் விட்டுவிட்டு ஓடி வந்தது. வதனி இரண்டடி முன்னால் வைத்தாள். பிறகு அப்படியே நின்றாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பிள்ளையும் ஓட்டத்தை விட்டு நின்று தாயின் முகத்தைப் பார்த்தது. அதன் உதடு பிதுங்கத் தொடங்கியது.

"ஏன் பிள்ளை? டொக்டர் தூக்கலாம் எண்டு சொன்னவர்தானே?" என்று மனைவி வதனியைக் கேட்டாள்.

வதனி என்னைத்தான் பார்த்தாள். "அண்ணை, அண்டைக்கு நீங்கள் கிணத்தடியில சொன்னதை நான் வேலிக்கு இஞ்சால நிண்டு கேட்டனான். அது ஒருநாளும் முடியாது எண்டு சொன்னியள். டொக்டர் என்ர ஆறுதலுக்குச் சொல்லியிருப்பார். நீங்கள் பொய் சொல்ல மாட்டியள். சொல்லுங்கோ, முடிஞ்சுதோ? இனி ஒண்டும் இல்லையோ?"

தம்பிமாரே, தங்கைமாரே, நானும் உங்களைப் போலப் படித்தவன். என் நாக்கில் எல்லா விடைகளும் வரிசையாக வந்து நின்றன. கருவியால் அளக்க முடியாத அளவு என்று ஒன்று. ஆபத்தான அளவுக்கு எவ்வளவோ கீழே என்று ஒன்று. பின்னணிக் கதிர்வீச்சோடு ஒப்பிட்டால் என்று தொடங்கி, கல்லையும் மண்ணையும் ஆகாயத்தையும் இழுக்கிற நீளமான ஒன்று. எல்லாம் சரியான விடைகள். அவற்றில் எதைச் சொன்னாலும் அந்தப் பெண் கையைப் பின்னாலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்து போயிருப்பாள். மனைவி என் முழங்கையைப் பிடித்தாள்.

"முடிஞ்சுது, பிள்ளை. ஒண்டும் இல்லை. பூச்சியம்" என்றேன்.

"வடிவாத் தெரியுமோ?"

"வடிவாத் தெரியும்."

பரீட்சையில் எழுதினால் இந்த விடைக்கு ஒரு புள்ளியும் கிடைக்காது. எழுத வேண்டாம். ஆனால் உங்களிடம் கேள்வி கேட்கிறவர் எதைத் தூக்குவதற்காகக் கேட்கிறார் என்று முதலில் பாருங்கள். எனக்கு அதைப் பார்க்க இளைப்பாறிய பிறகும் ஒரு பனங்கட்டி தேவைப்பட்டது.

வதனி குந்தியிருந்து இரண்டு கையையும் நீட்டினாள். பிள்ளை வந்து விழுந்தது. அவள் அதைத் தூக்கி, கழுத்தில் வெட்டிய காயம் இருந்த இடத்தோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, இறங்குதுறையில் அத்தனை சனத்துக்கு முன்னாலும் சத்தம் போட்டு அழுதாள்.

"அம்மா, நோகுது, விடுங்கோ" என்று பிள்ளை கத்தியது.

அவள் விடவில்லை.